தண்ணீருக்கு நிறம் தெரியாது, ரிப்பேர் பில்லுக்குத் தெரியும்: கத்ரீனா சொல்லும் வரலாறு

எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு மாணவி கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "வெள்ளம் வந்தா எல்லார் வீட்டுக்குள்ளயும்தானே அக்கா தண்ணி போகுது? தண்ணி சாதி பார்த்தா வருது? அப்புறம் ஏன் ஒவ்வொரு பேரிடரையும் சாதியோட சேர்த்தே பேசுறோம்?"

சேரிகள் பள்ளத்தில் தள்ளப்பட்டிருக்கின்றன என்று உடனே பதில் சொல்லிவிடலாம். அது உண்மைதான், ஆனால் பாதி பதில். மீதிப் பாதி தண்ணீர் வடிந்த பிறகு தொடங்குகிறது. விழுந்த கூரையைப் போட என்ன செலவாகும்? அதில் எவ்வளவை இன்சூரன்ஸ் தரும், எவ்வளவை அரசு தரும்? மிச்சத்தை யார் போடுவது? இந்தக் கேள்விகளுக்கு நீதிமன்றத் தீர்ப்புகள், அரசு ஆவணங்கள் வழியாகவே பதில் கிடைக்கும் ஓர் ஊர் உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். அங்கே 2005இல் வந்த கத்ரீனா சூறாவளியையும், அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் பார்ப்போம்.

வாசலில் நடந்த சண்டை

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸைக் காக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய வெள்ளத்தடுப்புக் கரைகள் பல இடங்களில் உடைந்தன. நகரத்தின் சுமார் 80 சதவீதம் மூழ்கியது. இண்டஸ்ட்ரியல் கால்வாயின் கரை உடைந்து, கறுப்பின மக்கள் வாழ்ந்த லோயர் நைன்த் வார்டு என்ற பகுதி அடித்துக்கொண்டு போனது. தலைமுறை தலைமுறையாகச் சொந்த வீட்டில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது.

வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கழித்து மக்கள் திரும்பி வந்தார்கள். சுவரெல்லாம் பூஞ்சை. வயரிங் போய்விட்டது. கூரை பிய்ந்து கிடந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து பார்த்து ஒரு தொகை எழுதினார். காண்ட்ராக்டர் வந்து பார்த்து வேறொரு தொகை சொன்னார். இரண்டுக்கும் நடுவே பல ஆயிரம் டாலர் இடைவெளி.

இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும். பாலிசியின் வகையைப் பொறுத்து, கம்பெனி பழைய கூரைக்குத் தேய்மானம் கழித்துவிட்டுத்தான் பணம் தரும். இருபது வருடக் கூரைக்கு இருபது வருடத் தேய்மானம். காண்ட்ராக்டரோ புதுக் கூரைதான் போட முடியும். முழுத் தொகை தரும் பாலிசியிலும், வேலை முடிந்த பிறகுதான் தேய்மானத் தொகை கைக்கு வரும் என்பது வழக்கமான நிபந்தனை. கையில் காசு இல்லாதவர் வேலையை முடிப்பது எப்படி? புதிய கட்டட விதிகளின்படி கட்டுவதற்கு ஆகும் கூடுதல் செலவு பல பாலிசிகளில் சேராது. வீட்டுக் கடன் இருந்தால் காசோலை வங்கியின் பெயரையும் சேர்த்தே வரும். வங்கி அதைத் தவணை தவணையாகத்தான் விடும். அட்வான்ஸ் இல்லாமல் காண்ட்ராக்டர் வேலையைத் தொடங்க மாட்டார். ஊரே இடிந்து கிடக்கும்போது ஆளும் கிடைக்காது, சாமானும் கிடைக்காது, விலை ஏறிக்கொண்டே போகும். மூன்று மாதத்துக்கு முன் போட்ட எஸ்டிமேட் இன்று செல்லாது.

ஆக, பாதி வேலையில் சண்டை வந்தது. "இதுக்கு மேல செய்யணும்னா கூடுதலா கொடுங்க" என்பார் அவர். "இன்சூரன்ஸ் கொடுத்ததே அவ்வளவுதான்" என்பார் வீட்டுக்காரர். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு காணாமல் போன காண்ட்ராக்டர்கள் நிறைய. வெளியூரிலிருந்து வந்த, லைசென்ஸ் இல்லாத ஆட்கள் ஏராளம். நியாயமாக வேலை பார்த்த சிறு காண்ட்ராக்டர்கள் நஷ்டப்பட்டதும் உண்டு. வாசலில் நின்று பார்த்தால் இது இரண்டு பேருக்கு நடுவிலான பணத் தகராறு. அந்த இடைவெளியை உண்டாக்கியவர்கள் யாருமே அந்த வாசலில் நிற்கவில்லை.

வெள்ளம் பாலிசியிலிருந்து வெளியேறிய கதை

வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியில் காற்று சேரும், தீ சேரும். வெள்ளம் சேராது. இதற்கு ஒரு வரலாறு உண்டு.

1927இல் மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. நியூ ஆர்லியன்ஸின் வங்கிக்காரர்களும் வியாபாரிகளும் நகரத்தைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏப்ரல் 29 அன்று, நகரத்துக்குக் கீழே கார்னார்வன் என்ற இடத்தில் கரையை டைனமைட் வைத்துத் தகர்த்து, ஏழைகள் வாழ்ந்த கிராமப்புறத்துக்குள் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். இழப்பீடு தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வந்தது சொற்பம், பலருக்கு ஒன்றுமே வரவில்லை. அதே வெள்ளத்தின்போது மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வில்லில் கறுப்பினத் தொழிலாளர்களைத் துப்பாக்கி முனையில் கரையிலேயே நிறுத்தி வேலை வாங்கினார்கள்.

இதன் பின் இரண்டு விஷயங்கள் நடந்தன. 1928இல் வந்த வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெள்ளச் சேதத்துக்கு மத்திய அரசு பொறுப்பல்ல என்று எழுதிக்கொண்டது. தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வெள்ளக் காப்பீட்டிலிருந்து ஏறத்தாழ முழுவதுமாக விலகிக்கொண்டன.

1965 செப்டம்பரில் பெட்ஸி சூறாவளி வந்து லோயர் நைன்த் வார்டை மூழ்கடித்தது. இம்முறையும் கரையை வேண்டுமென்றே தகர்த்துவிட்டார்கள் என்று அங்குள்ள மக்கள் பலர் நம்பினார்கள். அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் 1927 நினைவிருந்த ஊரில் அப்படியொரு சந்தேகம் எழுந்ததை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

பெட்ஸிக்குப் பிறகுதான் 1968இல் மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டத்தைக் கவனியுங்கள். அதே சட்டத்தில்தான், கறுப்பின மக்கள் வாழும் நகர்ப்பகுதிகளுக்கு இன்சூரன்ஸ் மறுக்கப்படுவதைச் சரிசெய்ய இன்னொரு பகுதியும் இருந்தது. 1960களின் கலவரங்களுக்குப் பிறகு ஜனாதிபதி ஜான்சன் அமைத்த, ஆளுநர் ரிச்சர்ட் ஹியூஸ் தலைமையிலான குழு, இந்தப் பகுதிகளில் வீட்டுக்கும் கடைக்கும் இன்சூரன்ஸ் கிடைப்பதே அரிதாக இருக்கிறது என்று அதே ஆண்டில் அறிக்கை கொடுத்திருந்தது.

ஏன் கிடைக்கவில்லை? 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கடன் கொடுக்கப் பாதுகாப்பான பகுதிக்குப் பச்சை, ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்தால் அந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் சிவப்புதான். வீட்டின் தரம் அங்கே இரண்டாம்பட்சம். கடன் இல்லாத இடத்தில் வீட்டை வாங்க ஆள் வராது. வாங்க ஆள் இல்லாத வீட்டுக்கு விலை ஏறாது. இப்படித்தான் ஒரே அளவு, ஒரே மரம், ஒரே செங்கல் கொண்ட இரண்டு வீடுகளுக்கு இரண்டு மதிப்பு வந்தது. இந்த மதிப்பு என்ற சொல்லை நினைவில் வையுங்கள். கதை மறுபடியும் அங்கேதான் வரப்போகிறது.

காற்றா, தண்ணீரா?

2005க்கு வருவோம். வீட்டு பாலிசி காற்றுக்குத்தான். வெள்ளத்துக்கு மத்திய அரசின் தனி பாலிசி எடுத்திருக்க வேண்டும், அதிலும் கட்டடத்துக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெள்ள அபாயப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் வங்கிக் கடன் வாங்கியவருக்குத்தான் அது கட்டாயம். லோயர் நைன்த் வார்டில் பல முதியவர்கள் கடனை அடைத்து முடித்தவர்கள் அல்லது பெற்றோரிடமிருந்து வீட்டைப் பெற்றவர்கள். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அரசு கட்டிய கரை இருக்கிறதே என்ற நம்பிக்கையும் இருந்தது.

எனவே ஒரே கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது: உங்கள் வீட்டை இடித்தது காற்றா, தண்ணீரா? தண்ணீர் என்று சர்வேயர் எழுதிவிட்டால், வெள்ள பாலிசி இல்லாதவருக்குப் பூஜ்யம். காற்றும் தண்ணீரும் சேர்ந்து சேதப்படுத்தினாலும் பணம் இல்லை என்ற ஷரத்து சில பாலிசிகளில் இருந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் சர்வே வேலை பார்த்த இரண்டு சகோதரிகள், காற்றுச் சேதத்தை வெள்ளச் சேதம் என்று எழுதி, செலவை அரசின் வெள்ளக் காப்பீட்டின் தலையில் ஸ்டேட் ஃபார்ம் கம்பெனி கட்டுகிறது என்று வழக்குப் போட்டார்கள். சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஒரு வீட்டு விவகாரத்தில் கம்பெனி அரசை ஏமாற்றியது என்று 2013இல் ஜூரி தீர்ப்பளித்தது. 2016இல் உச்ச நீதிமன்றத்திலும் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை.

இன்னொரு வாதமும் நீதிமன்றம் போனது. "இது இயற்கை வெள்ளம் இல்லை. மனிதர்கள் மோசமாகக் கட்டிய கரை உடைந்து வந்த தண்ணீர். அதை எப்படி வெள்ளம் என்று சொல்லி விலக்க முடியும்?" வழக்காடியவர்களில் கறுப்பின மாணவர்களுக்காக உருவான சேவியர் பல்கலைக்கழகமும் உண்டு. முதல் கட்டத்தில் நீதிபதி இந்த வாதத்தை ஏற்றார். 2007 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. யார் தவறால் வந்தாலும் வெள்ளம் வெள்ளம்தான் என்றது.

சரி, கரையைக் கட்டியவர்கள் பொறுப்பேற்க வேண்டுமல்லவா? உடைந்த நகரக் கால்வாய்க் கரைகள் பற்றிய வழக்கு 2008 ஜனவரியில் தள்ளுபடியானது. காரணம், நாம் மேலே பார்த்த அதே 1928ஆம் ஆண்டுச் சட்டம். கப்பல் கால்வாய் ஒன்றைப் பராமரிக்காமல் விட்டதில் ராணுவப் பொறியாளர் படையின் அலட்சியம் இருந்தது என்று 2009இல் ஒரு தீர்ப்பு வந்தது. அதுவும் 2012இல் மேல்முறையீட்டில் நிற்கவில்லை. கம்பெனி பொறுப்பல்ல, அரசும் பொறுப்பல்ல. இடைவெளி வீட்டுக்காரரின் வாசலில் வந்து நின்றது.

எந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டார்கள்?

இந்த இடைவெளியை நிரப்பத்தான் "ரோடு ஹோம்" என்ற திட்டத்தை லூசியானா மாநிலம் 2006இல் தொடங்கியது. மத்திய அரசின் பணம். சுமார் 1,30,000 வீட்டுக்காரர்களுக்கு ஏறத்தாழ 900 கோடி டாலர். ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர்.

கணக்குப் போட்ட விதம் இதுதான்: புயலுக்கு முன் வீட்டின் மார்க்கெட் மதிப்பு, ரிப்பேர் செய்ய ஆகும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து இன்சூரன்ஸ் பணத்தையும் பிற நிவாரணத்தையும் கழிப்பார்கள். மிச்சம்தான் உதவித்தொகை.

படிக்கும்போது இதில் எங்கும் நிறம் இல்லை. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு வீடுகள். இரண்டுக்கும் ரிப்பேர் செலவு 1,40,000 டாலர். இரண்டுக்கும் இன்சூரன்ஸ் தந்தது 40,000. வெள்ளையர் பகுதியில் உள்ள வீட்டின் மதிப்பு 2,00,000. எனவே ரிப்பேர் செலவே அடிப்படை. 40,000 போக 1,00,000 கிடைக்கும். கையிலிருந்து ஒரு பைசா போட வேண்டாம். கறுப்பினப் பகுதியில் உள்ள வீட்டின் மதிப்பு 70,000. அதுதான் அடிப்படை. 40,000 போக 30,000 கிடைக்கும். கையிலிருந்து போட வேண்டியது 70,000 டாலர். ஆணியும் பலகையும் இரண்டு பகுதிக்கும் ஒரே விலை, கொத்தனார் கூலியும் ஒன்றுதான். 1930களில் சிவப்பு மை பூசி இறக்கிய மதிப்பு, 2006இல் இழப்பீட்டுக் கணக்கின் அடிப்படையாக மாறியது.

ஏழை முதியவர் ஒருவர் காண்ட்ராக்டரிடம் "என்கிட்ட அவ்வளவு இல்லப்பா" என்று சொன்ன அந்த 70,000 இங்கேதான் பிறந்தது.

பட்டா பிரச்சினையும் வந்து சேர்ந்தது. பாட்டி பெயரில் இருந்த வீட்டில் பேரன் வாழ்வார், பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். வாரிசு ஆவணம் இல்லாததால் பல கறுப்பினக் குடும்பங்களின் விண்ணப்பங்கள் நின்றுபோயின. நம் காலனிகளில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2008 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸின் நியாய வீட்டுவசதி நடவடிக்கை மையமும், தேசியக் கூட்டமைப்பும், ஐந்து கறுப்பின வீட்டுக்காரர்களும் இந்தக் கணக்கை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அவர்கள் காண்ட்ராக்டர் மீது வழக்குப் போடவில்லை, சூத்திரத்தின் மீது போட்டார்கள். வழக்கு நடக்கும்போதே, ஏழை வீட்டுக்காரர்களுக்கான கூடுதல் உதவியில் இருந்த 50,000 டாலர் உச்சவரம்பு நீக்கப்பட்டது. 2011 ஜூலையில் 6.2 கோடி டாலர் கூடுதலாகத் தருவதென்று சமரசம் ஏற்பட்டது. ஆனால் அது சுமார் 1,300 குடும்பங்களுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. ஆறு வருடம் கழித்து வந்த பணம். அதற்குள் பலர் வேறு ஊர்களில் குடியேறிவிட்டார்கள்.

கொடுத்ததையே திருப்பிக் கேட்ட அரசு

வீட்டைத் தரைமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்ட 30,000 டாலர் வரை தனி மானியமும் இருந்தது. ரிப்பேர் பணம் போதாத பலர் இதை எடுத்துத்தான் சுவரையும் கூரையையும் முடித்தார்கள். திட்டத்தின் ஆட்களே அப்படிச் செய்யலாம் என்று சொன்னதாகப் பலர் கூறினார்கள். பல வருடங்களுக்குப் பிறகு, "நீங்கள் வீட்டை உயர்த்தவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று மாநில அரசு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் மீது வழக்குப் போட்டது. 2022இல் பத்திரிகையாளர்கள் இதை வெளிக்கொண்டுவந்த பிறகு, 2023 பிப்ரவரியில்தான் வழக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். புயல் அடித்து 17 வருடம் கழித்து.

செங்கல் தூக்கியவர் யார்?

காண்ட்ராக்டருக்குக் கீழேயும் ஒரு வரிசை உண்டு. பெரிய கம்பெனி, அதற்குக் கீழே துணை ஒப்பந்ததாரர், அதற்குக் கீழே இன்னொருவர், கடைசியில் தினக்கூலி. புயலுக்குப் பத்து நாள் கழித்து, 2005 செப்டம்பர் 8 அன்று, அரசு வேலைகளில் அந்தந்தப் பகுதியில் நிலவும் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தை ஜனாதிபதி புஷ் புயல் பகுதிகளில் நிறுத்திவைத்தார். எதிர்ப்பு வந்ததால் இரண்டு மாதத்தில் திரும்ப அமலானது. வேலை பார்த்த புலம்பெயர் தொழிலாளர்கள் பலருக்குக் கூலியே வரவில்லை.

இந்த வரிசையில் நம்மவர்களும் இருந்தார்கள். புயலில் சேதமான கடல் எண்ணெய் மேடைகளைச் சரிசெய்ய, சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் கொண்டுபோனது. கிரீன் கார்டு கிடைக்கும் என்று நம்பி ஏஜென்டுகளுக்கு ஆளுக்கு 10,000 டாலருக்கும் மேல் கட்டியிருந்தார்கள். அங்கே ஒரு கூண்டு வீட்டில் 24 பேர் வரை அடைத்து, அதற்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வேலையை விட்டு வெளியேறி வாஷிங்டன் வரை போய்ப் போராடினார்கள். 2015இல் ஜூரி ஐந்து தொழிலாளர்களுக்கு 1.4 கோடி டாலர் வழங்கச் சொன்னது. கம்பெனி திவாலாகி, 2 கோடி டாலர் சமரசத்துக்கு வந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

1946 ஜூலையில் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். அனுதாபத்துக்காக எழுதிய கடிதமாக அதை நான் பார்க்கவில்லை. அவர்கள் எப்படிக் கோரிக்கை வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எழுதியது. நாமும் கத்ரீனாவை அப்படிப் படிக்கலாம்.

கத்ரீனாவுக்கு எட்டு மாதம் முன்பு, 2004 டிசம்பர் 26 அன்று, நம் கரையில் சுனாமி வந்தது. இழப்பு என்றால் படகு, வலை என்று கணக்கெடுத்தார்கள். படகு இல்லாமல், மீன் சுமந்தும் வயலில் கூலி வேலை பார்த்தும் வாழ்ந்த தலித் குடும்பங்கள் பல பட்டியலுக்கு வெளியே நின்றன. நாகப்பட்டினம் போன்ற பகுதிகளில் இதை உண்மை அறியும் குழுக்கள் பதிவு செய்தன. அங்கேயும் சாதி என்ற சொல் படிவத்தில் இல்லை. எதை இழப்பாக எண்ணுவது என்ற வரையறையில் இருந்தது.

எனவே அடுத்த முறை நிவாரணக் கணக்கெடுப்புக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். இழப்பீடு எந்த எண்ணை அடிப்படையாகக் கொண்டது: வீட்டின் மதிப்பா, திரும்பக் கட்டும் செலவா? எந்த ஆவணம் இல்லாவிட்டால் பெயர் விடுபடும்? அரசு ஒதுக்கிய பணத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே எத்தனை கைகள் இருக்கின்றன?

மேஸ்திரியோடு சண்டை வந்தால் நியாயம் கேட்கத்தான் வேண்டும். எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள், வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுக்கச் சொல்லுங்கள், சேதத்தைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். ஆனால் நம் நோட்டில் வீடுவாரியாக இரண்டு பத்திகள் போடுங்கள். ஒன்றில் அரசு போட்ட மதிப்பு, மற்றொன்றில் கொத்தனார் சொன்ன உண்மையான செலவு. நூறு வீட்டுக்கு இந்த இரண்டு எண்களும் நம் கையில் இருந்தால், அது தனித்தனி வாசல் சண்டையாக நிற்காது, ஆட்சியர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் வைக்கக்கூடிய கோரிக்கையாகும். நியூ ஆர்லியன்ஸ் மக்கள் அப்படித்தான் சூத்திரத்தையே கூண்டில் ஏற்றினார்கள்.

கேள்வி கேட்ட தங்கைக்கு: தண்ணீர் சாதி பார்த்து வருவதில்லை, சரிதான். தண்ணீர் வடிந்த பிறகு வரும் படிவத்தை வாங்கி, அதன் மூன்றாவது நான்காவது பத்தியை நிதானமாகப் படித்துப் பார். அடுத்த கூட்டத்துக்கு அதன் நகல் ஒன்றைக் கொண்டு வா, சேர்ந்து படிப்போம்.